கல் பார்க்கும் அக்கா

எங்கள் வரிசையில் ஆறு வீடுகள். ஐந்து வீட்டுக் கதவுகளுக்கு ஒரே ஒரு தாழ்ப்பாள். அக்கா வீட்டுக் கதவுக்கு மட்டும் மூன்று. காலையில் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது நான் வெளியே நின்று கூப்பிடுவேன். "ஆரு?" என்று உள்ளிருந்து கேள்வி வரும். தினமும் அதே நேரத்துக்கு, அதே குரலில் கூப்பிடுகிறவள் நான் ஒருத்திதான். இருந்தாலும் கேட்பாள். நான் பெயரைச் சொன்ன பிறகு மூன்று தாழ்ப்பாளும் ஒவ்வொன்றாக விலகும்.

அப்போது நாங்கள் புதுவாயல் கூட்டு ரோட்டுக்கு உட்புறம் வாடகைக்கு இருந்தோம். அப்பா போன பிறகு ஆரணிப் பக்கம் இருந்த நிலத்தைச் சித்தப்பா பார்த்துக்கொண்டார். அண்ணன் கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருட்டாலை ஒன்றில் ஃபிட்டர். அண்ணன், அண்ணி, நான் ஒரு வீட்டில். பக்கத்து வீட்டில் அக்கா, கூடப் பிறந்தவள் இல்லை, கூப்பிட்டுப் பழகியவள். அவள் புருஷன் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். பிள்ளை இல்லை. கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் அவளும் நானும் ஒரே ஷிப்ட்.

அவள் எதற்குப் பயப்படுவாள் என்பதைவிட எதற்குப் பயப்பட மாட்டாள் என்று சொல்வது சுலபம். பஸ்ஸில் அவசர வழி ஜன்னல் ஓரத்து சீட்டில்தான் உட்காருவாள். உட்கார்ந்ததும் அதன் கைப்பிடியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வாள். டிரெய்லர் லாரிகள் பறக்கும் கொல்கத்தா ரோட்டைக் கடக்கும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். அந்தப் பக்கம் போன பிறகு பார்த்தால் என் கையில் நகம் பதிந்திருக்கும். மாதம் ஒருமுறை பக்கத்துக் கெமிக்கல் கம்பெனியில் சைரன் ஊதிச் சோதனை செய்வார்கள். அது சோதனைதான் என்று எல்லாருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனாலும் முந்தானையை நனைத்து மூக்கில் வைத்துக்கொண்டு, காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பாள். நாங்கள் சிரிப்போம். அவளும் சேர்ந்து சிரிப்பாள். முந்தானையை மட்டும் எடுக்க மாட்டாள்.

அவளுக்கு வைரம் தெரியும் என்பது எங்களுக்குத் தற்செயலாகத் தெரிய வந்தது. அண்ணிக்கு அவள் அம்மா வீட்டில் ஒற்றைக்கல் மோதிரம் ஒன்று போட்டார்கள். அண்ணி வரிசையிலிருந்த எல்லாரிடமும் காட்டினாள். எல்லாரும் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அக்கா மட்டும் தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து பார்த்தாள். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அண்ணிக்குக் கோபம். நல்லா இல்லையா என்று விடாமல் கேட்டாள். அக்கா நெளிந்தாள். கடைசியில், "நெழல்ல வந்து நில்லு, சொல்றேன்" என்றாள்.

வேப்பமர நிழலில் அண்ணியின் கையைக் கொஞ்சம் சாய்க்கச் சொன்னாள். "நடுவுல பாரு. வெள்ளையா ஒரு வளையம் தெரிதா? மீன் கண்ணு மாரி? கல்ல ஆழமில்லாம தட்டையா வெட்டிட்டாங்க. மேல வுழுவுற வெளிச்சம் திரும்பி மேல வரணும். இதுல அடி வழியா ஒழுவிப் போயிடுது."

எங்கள் வரிசைக்கு வருவதற்கு முன் அவள் காக்களூரில் ஒரு வைரம் பட்டை தீட்டும் கம்பெனியில் ஒன்பது வருஷம் இருந்திருக்கிறாள். தீட்டுகிற வேலை இல்லை. தீட்டி வரும் உருண்டைக் கல்லைப் பார்த்து, வெட்டு சரியா இல்லையா என்று பிரித்துப் போடுகிற வேலை. கம்பெனி மூடிய பிறகுதான் ஒயர் கட்ட வந்தாள். எங்களிடம் அதுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

விஷயம் பரவியது. வரிசையில் யார் வைரம் வாங்கப் போனாலும், பொன்னேரியோ திருவள்ளூரோ, அவளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நானும் துணைக்குப் போவேன். கடைக்காரர்கள் முதலில் அலட்சியமாகப் பார்ப்பார்கள், போகப்போக எரிச்சலோடு. கடை விளக்கில் அவள் எந்தக் கல்லையும் பார்க்க மாட்டாள். "இந்த லைட்டுக்கு ஒடஞ்ச பாட்டிலு கூட மின்னும்" என்பாள். வாசல் பக்கம் வெயில் படாத இடத்துக்குக் கொண்டுவரச் சொல்வாள். ஆனால் கல்லோடு யாரையும் வாசற்படியைத் தாண்ட விடமாட்டாள். வெள்ளைத்தாளை நடுவில் மடித்து, அந்த மடிப்பில் கல்லை வைக்கச் சொல்வாள். மூச்சு பட்டால் மங்கிவிடும் என்று வாயைப் பொத்திக்கொண்டு குனிவாள். நல்ல வெட்டு என்றால் மேலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் கம்பிகள் மாதிரி கறுப்புக் கோடுகள் சமமாக விரியுமாம். லேசாக அசைத்தால் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் மாற வேண்டுமாம். ஆழமாக வெட்டியிருந்தால் நடுவில் ஆணித் தலை மாதிரி ஒரு கறுப்பு உட்கார்ந்திருக்கும். எவ்வளவு அசைத்தாலும் போகாது. கல்லின் சுற்றுவிளிம்பான இடுப்புப் பகுதியைத் தடியாக விட்டிருந்தால் எடை ஏறும், பார்க்கக் கல் சின்னதாகத் தெரியும். "பாதி பேரு எடைக்குத்தான் வெட்றாங்க, வெளிச்சத்துக்கு வெட்றதில்ல" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்வாள்.

ஒன்றை மட்டும் யாரும் கவனிக்காமல் இருக்க முடியாது. அவள் கல்லைத் தொடவே மாட்டாள். கைப்பையைக் கொண்டுவர மாட்டாள். கடையில் கொடுக்கிற காபியைக் குடிக்க மாட்டாள். பார்த்து முடித்ததும் இரண்டு கைகளையும் விரித்து, விரல்களை அகட்டி, முன்னும் பின்னும் திருப்பிக் காட்டுவாள். பிறகு முந்தானையை உதறிக் காட்டுவாள். யாரும் கேட்கவில்லை, ஆனாலும் காட்டுவாள். திருவள்ளூரில் ஒரு கடையில் பையன்கள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். எனக்கும் அவமானமாக இருந்தது. அன்று திரும்பும்போது இன்னாத்துக்குக்கா இப்படிப் பண்றே என்று கேட்டேவிட்டேன்.

மழை. பஸ் தச்சூர் கூட்டு ரோட்டில் நின்றுவிட்டது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, யாருக்கோ நடந்ததைப் போலச் சொன்னாள்.

காக்களூரில் ஒருநாள் ஒரு கல் காணாமல் போனது. கடைசியாக அதைப் பார்த்தவள் இவள். கதவைப் பூட்டினார்கள். வெளியிலிருந்து இரண்டு பெண்களை வரவழைத்து எல்லாரையும் சோதித்தார்கள். இவளை மூன்று முறை. பின்னலை அவிழ்த்து ஒவ்வொரு முடியாகப் பிரித்தார்களாம். வாய் கொப்பளித்த தண்ணீரைத் துணியில் வடிகட்டினார்களாம். உடம்பில் அவர்கள் தேடாத இடமில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும். கடைசியில் கல் மெஷினுக்கு அடியில் எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. யாரும் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. மறுநாள் அதே மேஜையில் உட்கார்ந்து வேலை பார்த்தாள்.

"கெடச்ச பெறவும் என்னிய பாக்கறப்ப எல்லாம் தேடுற மாரியேதான் பாத்தாங்க" என்றாள். அதன் பிறகு நான் அவளைப் பார்த்துச் சிரித்ததில்லை. அவளுடைய மற்ற பயங்களையும் சேர்த்துத்தான்.

என் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளையின் அம்மா, பெரிதாக ஒன்றும் வேண்டாம், பெண் காதில் ஒற்றைக்கல் வைரத் தோடு இருந்தால் போதும் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் அந்தச் சிரிப்பை மனதில் வைத்துக்கொண்டான். ஆலையில் யாரோ ஒருவன், கும்மிடிப்பூண்டியில் ஒரு பெரியவர் இருக்கிறார், கடை கிடையாது, வீட்டில் வைத்தே கல் கொடுக்கிறார், அதனால் விலை குறைவு என்று சொல்லியிருக்கிறான்.

அக்கா வர மறுத்தாள். "கடைன்னா வரேன். நாலு பேரு வந்து போற எடம். ஊட்டுக்குள்ள வெச்சி விக்கிறவன் கிட்ட நா வரல." அண்ணன் கேட்டும் மறுத்தாள், அண்ணி கேட்டும் மறுத்தாள். கடைசியில் நான் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். தோட்டில் ஒரு குறை என்றால் அந்த அம்மா என் காலத்துக்கும் சொல்லிக் காட்டுவார் என்றேன். நான் அழுதது பாதி நிஜம். மீதிப் பாதி, அழுதால் அவள் வருவாள் என்று தெரிந்து அழுதது.

ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி. ரயில்வே ஸ்டேஷனிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு வீட்டின் மாடி. பெரியவருக்கு அறுபது வயதிருக்கும். விபூதி, வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. அக்காவை அம்மா என்றுதான் அழைத்தார். கதவோரம் நின்றிருந்த தடித்த ஆள் நாங்கள் உள்ளே வந்ததும் தாழ்ப்பாளைப் போட்டான். அந்தச் சத்தத்துக்கு அக்காவின் தோள் ஒருமுறை தூக்கிப் போட்டதை நான் பார்த்தேன். கதவைக் கொஞ்சம் திறந்து வைக்கச் சொல்லிக் கேட்டாள். பெரியவர் சிரித்தபடி, பொருள் இருக்கிற இடம்மா என்றார்.

கல் பார்க்கக் கற்றது எங்கே என்று அவர் விசாரித்தார். அக்கா பதில் சொல்வதற்குள் அண்ணன் பெருமையாக எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். காக்களூர் கம்பெனி, ஒன்பது வருஷம், இப்போது புதுவாயலில் எங்களுக்குப் பக்கத்து வீடு, ரைஸ் மில்லுக்குப் பின்னால் ஆறு வீட்டு வரிசை. பெரியவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

அக்கா இரண்டு உள்ளங்கைகளையும் மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டாள். விளக்கை அணைக்கச் சொன்னாள், திரையை விலக்கச் சொன்னாள். அவர் ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்து, இடுக்கியால் இரண்டு கற்களை வெள்ளைத்தாள் மடிப்பில் வைத்தார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். அவரையே இடுக்கியில் பிடித்துக்கொள்ளச் சொல்லி, லென்ஸ் வழியாகக் கல்லின் இடுப்பில் பொறித்திருந்த நம்பரைப் படித்து அவர் கொடுத்த சான்றிதழோடு ஒத்துப் பார்த்தாள். பிறகு அண்ணனிடம், நல்ல வெட்டு, ரெண்டும் சரியான ஜோடி என்றாள். எனக்கு மூச்சு வந்தது. அந்தக் கற்களைப் பார்க்கும்போது மட்டும் அவள் முகத்தில் பயமே இல்லை என்பதையும் பார்த்தேன்.

பெரியவர் கற்களை மடித்துப் பொட்டலமாக்கினார். டீ வந்தது. போன் வந்தது. பொட்டலத்தை டிராயரில் வைத்துவிட்டு இரண்டு வார்த்தை பேசினார். திரும்பவும் எடுத்து அண்ணன் முன்னால் வைத்தார். அண்ணன் பணப்பையைத் திறந்தான்.

மேஜைமேல் இருந்த அக்காவின் இடது கை கீழே இறங்கி என் மணிக்கட்டைப் பிடித்தது. உடனே விட்டுவிட்டு மறுபடியும் மேஜைமேல் வைத்துக்கொண்டாள்.

"அய்யா, அந்தப் பொட்டலத்த இன்னொரு வாட்டி தொறங்க."

"பாத்துட்டீங்களேம்மா."

"இன்னொரு வாட்டி."

திறந்தார். உள்ளே இரண்டு கற்கள். அதே அளவு, அதே மினுமினுப்பு. என் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. அக்கா குனியக்கூட இல்லை. இருந்த இடத்திலிருந்தே பார்த்தாள்.

"இது அது இல்ல. இதுல நடுவுல கறுப்பு கீது."

கீழே ஏதோ ஒரு ரயில் போனது. பெரியவர் கோபப்படவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை.

"அப்ப என் கல்லு எங்கம்மா?"

அக்கா விரித்து வைத்திருந்த தன் கைகளைப் பார்த்தாள்.

"நான் வச்சது நல்ல கல்லுன்னு நீங்கதான் சொன்னீங்க. இப்ப இருக்கறது வேறன்னும் நீங்கதான் சொல்றீங்க. அப்ப என் கல்லு இந்த ரூமுக்குள்ளதான் இருக்கணும். மூணு பேரையும் சோதிக்காம நான் எப்படிம்மா கதவ தெறக்கறது?"

தடித்த ஆள் கதவை விட்டு நகர்ந்து எங்கள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான். அண்ணன் எழுந்தான். தோளில் ஒரு கை விழுந்ததும் உட்கார்ந்துவிட்டான். முப்பது வயது, இரும்பு தூக்குகிற உடம்பு, ஆனாலும் உட்கார்ந்துவிட்டான். அதை இன்றுவரை நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதில்லை. முதல்ல இந்தம்மா என்று பெரியவர் அக்காவை நோக்கிக் கையை நீட்டினார்.

என் காலடியில் ஈரம் பட்டது. டீ கொட்டிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். டீ தம்ளர் மூன்றும் நிறைந்தபடி மேஜையில்தான் இருந்தன. அக்காவின் நாற்காலியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அந்த நிலையில் அவள் பேசினாள். குரல் கொசுக் குரலாக வந்தது.

"சோதிங்க. போலீஸ் வந்தப்பறம் சோதிங்க. நா கல்ல தொடல. இந்தப் பொண்ணு தொடல. அவங்க அண்ணனும் தொடல. இடுக்கி உங்க கைய உட்டு போவல. பொட்டலம் டிராயருக்குள்ள போயி வந்துச்சி. தேடறதுன்னா மொதல்ல அங்க தேடட்டும். நூறுக்கு போன நீங்களே போடுங்க."

பெரியவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மேஜைமேல் விரிந்திருந்த அவள் கைகளைப் பார்த்தார். பிறகு சிரித்தார். டிராயரை இழுத்து இன்னொரு பொட்டலத்தை எடுத்தார். வயசாகுதில்ல, பொட்டலம் மாறிப்போச்சு என்றார். அண்ணன், எனக்கு இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது, அந்தப் பொட்டலத்தை நோக்கிக் கையை நீட்டினான். அக்கா வாணாம் என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

கதவு திறந்தது. நாங்கள் படி இறங்கும்போது பெரியவர் மேலே நின்று, அதே மெதுவான குரலில் கேட்டார்.

"ரைஸ் மில்லுக்குப் பின்னாலன்னுதானம்மா சொன்னீங்க?"

ஆட்டோவில் என் துப்பட்டாவை அக்காவின் இடுப்பில் சுற்றிவிட்டேன். கவரப்பேட்டை தாண்டியதும் அவள் அண்ணனைப் பார்த்து, கோபமே இல்லாமல், "ஏம்பா ஊட்டு அட்ரஸ சொன்ன?" என்று கேட்டாள். அண்ணன் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

அதற்குப் பிறகு நடந்ததில் யார்மீதும் குற்றம் சொல்ல முடியாது. அந்த அளவுக்கு ஒன்றுமே நடக்கவில்லை. தடித்த ஆள் ஒருநாள் காலை கூட்டு ரோட்டு டீக்கடையில் நின்று டீ குடித்தான். இரண்டு நாள் கழித்து ரைஸ் மில் சுவர் ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டுப் போன் பேசிக்கொண்டிருந்தான். இன்னொரு நாள் எங்கள் வரிசை வாசலில் வந்து, இங்கே யாராவது வீடு காலி பண்ணுகிறார்களா என்று அண்ணியிடம் மரியாதையாக விசாரித்தான். அக்காவிடம் அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் பக்கம் திரும்பியதுகூட இல்லை.

போலீஸில் சொல்லலாம் என்றான் அண்ணன். அவள் தலையசைத்தாள். இன்னான்னு சொல்லுவ, டீ குடிச்சான்னா என்று கேட்டாள். புகாரில் தன் பெயரையும் வீட்டையும் எழுத வேண்டுமே என்பதும் அவளுக்கு இருந்தது.

சாப்பாடு குறைந்தது. கம்பெனியில் ஒயரை மாற்றிக் கட்டினாள்; ஒருநாளும் அப்படிச் செய்தவள் இல்லை. பஸ்ஸில் அவசர வழியை விட்டுவிட்டு, ஜன்னலே இல்லாத நடு சீட்டில், இரண்டு பேருக்கு நடுவில் போய் உட்கார ஆரம்பித்தாள். காலையில் நான் கூப்பிட்டால் ஆரு என்ற குரல்கூட வருவதில்லை. நானே என் பெயரை இரண்டு மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. என் குரலுக்குப் பக்கத்தில் வேறு யாராவது நிற்கிறார்களா என்று அவள் உள்ளே காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும்.

மூன்றாவது வாரம் அவள் புருஷன் வந்தார். பட்டப்பகலில் ஒரு சின்ன லாரியில் சாமான் ஏறியது. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அக்கா எங்கள் வீட்டுக்குள் வந்து என் கன்னத்தைத் தொட்டாள். எங்கே போகிறாய் என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"உனுக்கு சொல்ல மாட்டேன்டி. நம்பாம இல்ல. பயம் வந்தா நீயும் சொல்லிடுவ. நானா இருந்தாலும் சொல்லிடுவேன்."

சாதாரணத் தங்கத் தோட்டோடு எனக்குக் கல்யாணம் நடந்தது. மாமியார் காதைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. திருவள்ளூருக்கு வந்துவிட்டேன். இப்போது எனக்கு ஒரு பெண் குழந்தை. அந்தப் பெரியவர் என்ன ஆனார் என்று தெரியாது. அந்த மாடி வீட்டில் இப்போது ஒரு டியூஷன் சென்டர் இருப்பதாக அண்ணன் சொன்னான்.

போன மாதம் பொன்னேரிக்குப் போகிற பஸ்ஸில், பழைய கம்பெனியில் என்னோடு வேலை பார்த்த ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பேச்சுவாக்கில், "உங்க பக்கத்து ஊட்டு அக்கா, பயந்தாங்கொள்ளி அக்கா, அத பாத்தேன்டி. நல்லா கீது. கொஞ்சம் சதை போட்டுக்கீது. இப்ப எங்க கீதுன்னா..." என்று ஆரம்பித்தாள்.

நான் அவள் வாயைப் பொத்திவிட்டேன். கையால், நிஜமாகவே. அவள் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். சொல்லாதே, எனக்கு வேண்டாம், வேறு யாருக்கும் சொல்லாதே என்றேன். ஏன் என்று கேட்டாள்.

அக்கா நன்றாக இருக்கிறாள். சதை போட்டிருக்கிறாள். அது போதும் என்று எனக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, எங்கள் சீட்டுக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.